மடிந்த இடது காது

எங்கள் ஊர் வேட்டை நாய்ச் சங்கம் ஒரு கையேடு போட்டிருக்கிறது. வழவழ தாள், பதினாறு பக்கம். அதன்படி எங்கள் நாயினத்துக்கு வயது இரண்டாயிரம். ராஜாக்களின் தேருக்கு முன்னால் ஓடிய நாயாம். ஒரே தாவலில் புலியின் குரல்வளையைக் கவ்விய நாயாம். கப்பலேறிப் போய் அயல்நாட்டு அரண்மனையில் மெத்தையில் படுத்த நாயாம். எழுதியவர் சங்கத்தின் செயலாளர். அவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. நடக்காததை நடந்த மாதிரியும், நடந்ததை நடக்காத மாதிரியும் எழுதி அவருக்குக் கை பழகியிருக்கிறது.

உண்மையான வயது நாற்பத்தேழு. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த இனம் ஆரம்பித்தபோது பக்கத்தில் நின்றவர் என் அப்பா. சங்கத்தை நிறுவிய பெரியவருக்கு அவர்தான் ஜீப் டிரைவர்.

பெரியவரிடம் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஒல்லி நாய் ஒன்று இருந்தது. பார்க்க அழகு. வெயில் பட்டால் படுத்துவிடும், மழை பட்டால் தும்மும். அதையும் துப்பாக்கியையும் தூக்கிக்கொண்டு அவர் வேட்டைக்குக் கிளம்பிய ஒரு நாள், ஆட்டுக்காரர்கள் தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் டயர் பஞ்சர். அப்பா டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது, எலும்பும் தோலுமாக ஒரு பெட்டை நாய் வந்தது. அப்பாவின் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தது. மிச்சம் வைக்காமல் தின்றது. ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இறக்கிவிட இறக்கிவிட ஏறியது. அதுதான் எங்கள் இனத்தின் ஆதித்தாய். தேரும் இல்லை, புலியும் இல்லை. என் அப்பாவின் மதியச் சாப்பாடு போனது மட்டும் நிஜம்.

அந்த இரண்டுக்கும் பிறந்த முதல் ஈற்றில் ஒரு குட்டி உண்மையிலேயே அபாரம். நீளக் கால், ஒடுங்கின இடுப்பு, ஆழமான நெஞ்சு. கண்ணுக்கு எட்டாத தூரத்தில் முயலின் காது அசைந்தாலும் இது எழுந்து நிற்கும். குரைக்காது. ஓட ஆரம்பித்தால் பிடித்துவிட்டுத்தான் நிற்கும். சிப்பாய் என்று பெயர். அதன் படம்தான் சங்க மண்டபத்தில் ஆளுயரத்துக்குத் தொங்குகிறது. படத்தில் வலது காது விறைப்பாக நிற்கும். இடது காது பாதியில் மடிந்து தொங்கும்.

அது பரம்பரை இல்லை, ஜீப் கதவு. அப்பா அவசரத்தில் சாத்தினார், காது நடுவில் மாட்டிக்கொண்டது. பின் சீட்டில் உட்கார்ந்திருந்த பெரியவரின் மகன், அப்போது ஏழு வயது, வீல் என்று கத்தினான். மறுநாள் படம் எடுக்க வந்த போட்டோக்காரர், “என்ன சார், காது இப்படி இருக்கு?” என்று கேட்டார். தன் நாய்க்கு ஒரு குறை என்று ஒப்புக்கொள்ளப் பெரியவருக்கு வாய் வரவில்லை. “அதுதான்யா இந்த இனத்தோட அடையாளம்” என்றார். அப்பாவின் வேலை தப்பித்தது. அப்பாவும் நன்றியோடு கடைசி வரை வாயைக் கட்டிக்கொண்டார், எங்கள் வீட்டுக்குள் தவிர.

ஏழு வயதில் கத்தின அந்த மகன்தான் இன்றைக்குச் சங்கத் தலைவர்.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பதினோரு இலக்கணங்கள் இருக்கின்றன. உயரம், எடை, நெஞ்சு, இடுப்பு, வால் எல்லாவற்றிலும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். பதினோராவது மட்டும் தடித்த எழுத்தில்: இடது காது மடிந்திருக்க வேண்டும். ஓடத் தெரியுமா என்பது பதினொன்றில் ஒன்றாகவும் இல்லை. இல்லாததும் நல்லதுதான். தலைவர் வீட்டு நாய், காற்றில் பறந்து வந்த பிளாஸ்டிக் பையைப் பார்த்துக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்ட வேட்டை நாய்.

சரி, கதவில் நசுங்கின காது எப்படிக் குட்டிகளுக்கு வரும்? வராது. எனக்குத் தெரிந்து ஒரு குட்டிக்கும் வந்ததில்லை. ஆனால் வருடா வருடம் பரிசோதனை நாளில் அநேகமாக எல்லாக் குட்டிகளும் மடிந்த காதோடு வந்து நிற்கும். அந்த அதிசயம் என் கையால்தான் நடந்துகொண்டிருந்தது.

நான் கால்நடை ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுண்டரில் இருக்கிறேன். நாய்த் தோலை அரிக்காத, முடி நிறத்தில் இருக்கிற ஒட்டுத் துணி எங்களிடம் மட்டும்தான் கிடைக்கும். காதை மடித்து உள்பக்கமாக ஒட்டினால் பத்து நாள் நிற்கும், வெளியே தெரியாது. குட்டிக்கு மூன்று மாதத்திலிருந்து ஒரு வயதுவரை விடாமல் ஒட்ட வேண்டும். விட்டால் ஒரு மாதத்தில் காது நிமிர்ந்துகொள்ளும்.

வாங்க வருகிறவர்களின் நடிப்பைப் பார்க்க வேண்டுமே! பல் டாக்டர் ஓரமாக நின்று, எல்லாரும் போகிறவரை நோட்டீஸ் போர்டை மூன்று தடவை படிப்பார். பிறகு குனிந்து, “பூனைக்கு அடிபட்டுடுச்சும்மா, ஒரு ரோல் குடுங்க” என்பார். அவர் வீட்டில் பூனையே கிடையாது. பாங்க் மேனேஜரின் மனைவி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வருவார். செயலாளர் பக்கத்து ஊர்க்காரர் மாதிரிப் பேசுவார். தலைவர் தன் டிரைவரை அனுப்புவார். இருபத்திரண்டு பேர், இருபத்திரண்டு ரகசியம். மற்றவர்கள் நாய்க்கெல்லாம் காது தானாக மடிகிறது, நம் வீட்டுச் சனியன்தான் இப்படி என்று ஒவ்வொருவருக்கும் நினைப்பு. நான் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, “பூனையைப் பத்திரமா பாத்துக்குங்க டாக்டர்” என்பேன்.

இப்படியே சிரித்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன். என் அண்ணன் கெடுத்தான்.

அண்ணன் ஊருக்கு வெளியே இருக்கும் நாற்றுப் பண்ணையில் காவலாள். கன்றுகளை முயல் தின்றுவிடுகிறது என்று பண்ணை முதலாளி சங்கத்திடம் ஒரு குட்டி கேட்டு வாங்கி அவனிடம் கொடுத்தார். வெடி என்று பெயர் வைத்தான். சிப்பாய்க்குப் பிறகு இந்த இனத்தில் ஓடுகிற நாய் என்று ஒன்று பிறந்தது என்றால் அது வெடிதான். அது வந்த பிறகு பண்ணையில் ஒரு கன்றுகூடப் போகவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம், அண்ணன் பேச ஆரம்பித்தான். அண்ணி செத்து நாலு வருஷம். அந்த நாலு வருஷமும் என்னிடம் “ம்”, “சரி”, “வேணாம்” என்ற மூன்று வார்த்தையில் குடும்பம் நடத்தினான். வெடியிடம் மட்டும் முழு வாக்கியத்தில் பேசுவான். “இன்னிக்குக் காத்து எந்தப் பக்கமா அடிக்குது பாத்தியா, நீ வடக்கு வேலியைப் பாத்துக்கோ, நான் தண்ணியைத் திறந்துவிட்டுட்டு வர்றேன்.” முதல் தடவை வாசலுக்கு வெளியே நின்று இதைக் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. கூடவே வயிற்றெரிச்சலும். கூடப் பிறந்தவளுக்கு “ம்”, நாய்க்கு வானிலை அறிக்கை.

சிக்கல் என்னவென்றால், வெடி சங்கத்தின் சொத்து. ஒப்பந்தமே அப்படி. வளர்ப்பது நாம், நாய் அவர்களுடையது. ஒரு வயதில் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். இலக்கணத்துக்கு ஒத்துவராத நாயைச் சங்கம் திரும்ப எடுத்துக்கொண்டு எங்கோ தள்ளி இருக்கிற சிமெண்ட் கிடங்குக்கு அனுப்பிவிடும். அங்கே ஒரு முளை, ஒரு சங்கிலி, ஆயுசு முழுக்க அதே இடம். போன வருஷம் தையல்காரரின் நாய் அப்படித்தான் போயிற்று. அவர் இன்னமும் லீவு நாளில் பஸ் ஏறிப் போய், வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருகிறார்.

வெடிக்கு இரண்டு காதும் அரண்மனைக் காவல்காரன் மாதிரி நிமிர்ந்து நிற்கும். மூன்றாவது மாதமே நான் ஒரு ரோலைக் கொண்டுபோய் அண்ணன் முன்னால் வைத்தேன்.

“ஊரே ஒட்டுது. நீயும் ஒட்டு.”

“வேணாம்.”

“காது நிமிர்ந்திருந்தா தூக்கிட்டுப் போயிடுவாங்க அண்ணா.”

“வேணாம்.”

“அப்பா சாத்தின கதவுக்கு இது ஏன் கிடங்குக்குப் போகணும்? ஒட்டித் தொலையேன்!”

அவன் ரோலை மேஜை டிராயருக்குள் போட்டான். பிறகு வெடியின் பக்கம் திரும்பி, “காதை மடிச்சா முயல் சத்தம் எப்படிக் கேக்கும், சொல்லு” என்றான். எனக்குச் சொல்ல வேண்டியதை நாயிடம் சொன்னான். நான் தலையில் அடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் யோசனை பிறந்தது. என் அண்ணன் ஒட்டமாட்டான் என்றால், வேறு யாரும் ஒட்டக் கூடாது. அவ்வளவுதானே!

பரிசோதனைக்கு ஆறு வாரம் இருக்கும்போது கவுண்டரில் ஒட்டுத் துணிக்குப் பஞ்சம் வந்தது. பீரோவில் நாற்பது ரோல் இருந்தது, அது வேறு விஷயம். “ஸ்டாக் இல்லை சார். கம்பெனியிலேயே வரலையாம்.” பல் டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. பாங்க் மேனேஜரின் மனைவி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியே விட்டார். தலைவரின் டிரைவர் ஒரே நாளில் மூன்று தடவை வந்தான். மனிதர்களுக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை வாங்கி ஒட்டிப் பார்த்த இரண்டு பேர், காதில் புண்ணோடு நாயைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள். “அடடா, பூனை பிறாண்டிடுச்சா?” என்று கேட்டேன்.

அண்ணனிடம் திட்டத்தைச் சொல்லவில்லை. “நான் பாத்துக்கறேன், நீ பேசாம வா” என்றேன். பேசாமல் இருப்பதில் அவனுக்கு என்ன கஷ்டம்! சொல்லியிருக்க வேண்டும். மூன்று வார்த்தைக்காரனுக்கு மனசும் மூன்று வார்த்தையில் நின்றுவிடும் என்று நினைத்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பரிசோதனை நாள் காலையில் சங்க மண்டபத்தின் அழகே அழகு. பிளாஸ்டிக் நாற்காலி வரிசை, எடை மெஷின், அளவுகோல், கொய்ங் என்று கத்துகிற மைக். இருபத்து மூன்று நாய்கள், அத்தனைக்கும் தலையில் ஏதோ ஒன்று. ஒன்றுக்குத் துண்டு, ஒன்றுக்குக் கம்பளிக் குல்லாய், ஒன்றுக்குக் குழந்தைகளின் மழைக்கோட்டுத் தொப்பி. தலைவரின் நாய்க்குப் பட்டுத் துணியில் முக்காடு. எல்லாருக்கும் ஒரே காரணம்: சளி. ஒருவருக்கொருவர், “உங்களுதுக்குமா? இந்த வருஷம் குளிர் ஜாஸ்தி” என்று விசாரித்துக்கொண்டார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

கடைசி வரிசையில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். வெடியின் தலையிலும் ஒரு துண்டு. பண்ணையிலிருந்து நடந்தே வந்திருக்கிறான், வெயிலுக்காகப் போட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் பல் டாக்டர். துண்டை எடுத்ததும் இரண்டு காதும் விறைப்பாக எழுந்து நின்றன. “வழியில லாரி சத்தத்துல பயந்துடுச்சு” என்று அசடு வழிந்தார். அடுத்தது பாங்க் மேனேஜரின் மனைவி. இரண்டு காதும் நிமிர்ந்தவை. அடுத்தது செயலாளர். நிமிர்ந்தவை. ஐந்தாவது நாய்க்குப் பிறகு யாரும் காரணம் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். பன்னிரண்டாவதுக்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதையும் நிறுத்திவிட்டார்கள். தலைவர் தன் நாயின் முக்காட்டைத் தானே எடுத்தார், வேறு வழியில்லை. சிப்பாயின் படம் மேலேயிருந்து மடிந்த காதோடு பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுபோயிருந்த மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன். குட்டு உடைந்தாயிற்று. இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு வெடியைக் கிடங்குக்கு அனுப்புவார்கள்?

கடைசியாக அண்ணன் வந்தான். துண்டை எடுத்தான்.

வெடியின் இடது காது, படத்தில் இருப்பதைப் போலவே, பாதியில் மடிந்து தொங்கியது.

பாவி, ஒட்டியிருக்கிறான். ஒன்பது மாதம் டிராயரில் கிடந்த ரோலை எடுத்து, பயந்துபோய், நேற்றோ முந்தாநாளோ ஒட்டியிருக்கிறான்.

தலைவருக்குப் போன உயிர் வந்தது. மைக்கைப் பிடுங்கினார். “பாத்தீங்களா! ரத்தம் பேசுது! இரண்டாயிரம் வருஷத்து ரத்தம்! இதுதான் அசல்!” எல்லாரும் கைதட்டினார்கள். அசலைக் கொண்டாடிவிட்டால் நகலை யாரும் நோண்டமாட்டார்கள் என்ற நிம்மதியில் பலமாகவே தட்டினார்கள். மற்ற இருபத்திரண்டு நாய்களுக்கும் ஆறு மாத அவகாசம் என்று செயலாளர் அறிவித்தார். தையல்காரரின் நாய்க்கு ஆறு நிமிஷம்கூடக் கொடுக்காத அதே செயலாளர்தான்.

“விதிப்படி, தலைசிறந்த நாய் பெரியவர் வீட்டுக் கூண்டுக்குப் போகும்” என்றார் தலைவர். “இனத்தைப் பெருக்கணும் இல்ல? டைல்ஸ் போட்ட கூண்டு, ஃபேன் இருக்கு. இன்னிக்கே கூட்டிட்டுப் போயிடலாம். பட்டையைக் குடுங்க.”

அண்ணன் கழுத்துப் பட்டையைக் கொடுக்கவில்லை. “வேணாம்” என்றான். தலைவரின் டிரைவர் பட்டையைப் பிடித்தான். வெடி அண்ணனைத்தான் பார்த்தது. அண்ணன் என்னைப் பார்த்தான்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. நேராகப் போய், வெடியின் காதுக்குள் இரண்டு விரலை விட்டு, ஒட்டைச் சர்ரென்று இழுத்தேன். வெடி வீல் என்று கத்தியது. காது துள்ளி எழுந்து நின்றது.

“மோசடி!” என்று தலைவர் மைக்கிலேயே கத்தினார். “சங்கத்தையே ஏமாத்தியிருக்காங்க! ஒட்டுப் போட்டிருக்காங்க!” இருபத்திரண்டு நாய்க்கும் ஒட்டுப் போட்ட கைகள் வாயைப் பொத்திக்கொண்டு, “அய்யய்யோ, இப்படியுமா செய்வாங்க?” என்றன. பல் டாக்டருக்கு அதிர்ச்சியில் வியர்த்தே விட்டது. “இது நம்ம இனமே கிடையாது!” என்றார் தலைவர். “இதை உடனே கிடங்குக்கு அனுப்புங்க!”

நான் தலைவருக்குப் பக்கத்தில் போய், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். “சார், சிப்பாய் காது ஜீப் கதவுல மாட்டினப்போ கதவைச் சாத்தினது எங்க அப்பா. பின் சீட்ல உக்காந்து கத்தினது நீங்க. மைக்கைக் கொஞ்சம் குடுங்க, எல்லாருக்கும் சொல்லிடறேன்.”

அவர் மைக்கை மார்போடு அணைத்துக்கொண்டார். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முந்தின பயம் அப்படியே முகத்தில் வந்து உட்கார்ந்தது.

“என்னம்மா வேணும் உனக்கு?”

“இப்போ சொன்னீங்களே, நம்ம இனமே கிடையாதுன்னு. அதை எழுத்துல குடுங்க. உங்க இனம் இல்லேன்னா உங்க சொத்தும் இல்லை.”

சங்கத்தின் தலைப்பிட்ட தாளில், அவர் கையாலேயே எழுதினார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். மேற்படி நாய் எங்கள் இனத்தைச் சேர்ந்ததல்ல. இதற்கும் சங்கத்துக்கும் இன்றும் இனி என்றும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ‘இனி என்றும்’ என்பதை விட்டுவிடப் பார்த்தார், விடவில்லை. சீல் வைக்கச் சொன்னேன், வைத்தார். அண்ணன் வெடியைக் கூட்டிக்கொண்டு வெளியேறினான். எல்லாரும் குஷ்டரோகியைப் பார்ப்பது போல ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மூன்று மாதத்தில் கையேட்டின் புதுப் பதிப்பு வந்தது. பதினோராவது இலக்கணம்: இரண்டு காதும் நிமிர்ந்திருக்க வேண்டும். ராஜாக்கள் காலத்திலிருந்தே அப்படித்தானாம். ஓவியர் ஒருவரை வரவழைத்து, சிப்பாயின் படத்திலும் இடது காதைத் தூக்கி நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஏழு மாதம் மடித்து ஒட்டின காது, ஓவியர் தொட்டதும் நிமிர்கிற காது இல்லை. அன்றைக்கு நின்ற பல காதுகள் இப்போது ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்துவிட்டன. போன வாரம் பல் டாக்டர் நோட்டீஸ் போர்டை மூன்று தடவை படித்துவிட்டுக் குனிந்து கேட்டார்: “நிமித்தி ஒட்டறதுக்கு ஏதாவது இருக்காம்மா? பூனைக்குத்தான்.” ஸ்டாக் வந்துவிட்டது என்றேன்.

நேற்று செயலாளரும் வந்தார். புது இலக்கணத்துக்குப் பழுதில்லாமல் பொருந்துகிற நாய் வெடி ஒன்றுதானாம், சங்கம் பெருந்தன்மையோடு அதைத் திரும்ப ஏற்றுக்கொள்ளத் தயாராம். தாளின் நகலை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தேன். ‘இனி என்றும்’ என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன்.

இன்றைக்கு மத்தியானம் பண்ணைக்குப் போய் அண்ணனிடம் இதைச் சொன்னேன். “ம்” என்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் நாற்றுப் பைகளுக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தினான்.

“அன்னைக்கு நீ ஒட்டைச் சர்ருன்னு இழுத்தியே, அதுக்கு எப்படி வலிச்சிருக்கும்னு யோசிச்சியா?”

நாலு வருஷத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் முழு வாக்கியம் இது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஒட்டினது யாரு?” என்றேன்.

அவன் குழாயை மூடினான். “நான்தான். இதையும் எடுத்துட்டுப் போயிடுவாங்களோன்னு பயந்துட்டேன். இதுகிட்ட தினமும் மன்னிப்பு கேட்டுக்கிட்டிருக்கேன். உன்கிட்டதான் இன்னும் கேக்கல.”

நான் பதில் சொல்வதற்குள் வெடி எழுந்து நின்றது. வடக்கு வேலிப் பக்கம் ஒரு முயல். அண்ணனும் நானும் பார்த்துக்கொண்டே நின்றோம். வெடி குரைக்கவில்லை. கிளம்பியது தெரிந்தது, பிறகு கால்கள் தெரியவில்லை. அந்த வேகத்தில் அதன் காதுகள் இரண்டும், இடதும் வலதும், பின்னுக்கு மடிந்து கழுத்தோடு ஒட்டிக் கிடந்தன.